இருபத்தாறில் நிற்க வேண்டிய அறை

அன்று வீட்டில் இருந்தவர்கள்.

நான். அரியமங்கலத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர்.

என் மனைவி.

மகள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அன்று கடை லீவு.

மகன். கட்டிலில். கழுத்துக்குக் கீழே அசைவு கிடையாது.

சுவரில் ஏசியின் பெட்டி. அது ஆள் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அதையும் சேர்த்துத்தான் எண்ணுவோம்.

ஏசி மெக்கானிக் வரவில்லை. அவர் போனில் இருந்தார்.

அன்று ஆயுத பூஜை.

மகன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காவிரியில் ஆழம் இருக்கும் என்று நினைத்துத் தலைகீழாகக் குதித்தான். இடுப்பளவுதான் இருந்தது. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

“இனிமே உங்க பையனுக்குக் கழுத்துக்குக் கீழ வேர்க்காது. வேர்க்கலைன்னா உடம்புச் சூடு வெளிய போகாது. நடுக்கமும் வராது. அதனால குளிரையும் தாங்காது. ரூம் சூடானா உடம்பும் சூடாகும். ரூம் குளிர்ந்தா உடம்பும் குளிரும். பல்லிக்கு எப்படியோ அப்படித்தான்னு வெச்சுக்குங்க.”

மகன் படுத்தபடியே சொன்னான். “பல்லியாவது செவுத்துல ஏறும் சார்.”

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ரூமை இருபத்தாறுல வைங்க. ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருக்கலாம். அதுக்கு மேல வேணாம்,” என்றார்.

அவர் நிறையச் சொன்னார். எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். அறை இருபத்தாறில் நிற்க வேண்டும்.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், வாடகை வீடு, இரண்டாவது மாடி. மேலே மொட்டை மாடி. லிஃப்ட் கிடையாது. சித்திரையில் தளம் கொதிக்கும். மார்கழியில் கொள்ளிடத்துக் காற்று ஜன்னல் இடுக்கில் வரும். அதனால் பட்டறையில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு ஏசி வாங்கி மாட்டிக் கொடுத்தார்கள். சூடும் தரும், குளிரும் தரும். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அறை எவ்வளவு சூடு என்று அதுதான் பார்க்கும். பார்த்து, சூட்டையோ குளிரையோ அதுவே போடும். மெக்கானிக் அதைத் தெர்மோஸ்டாட் என்பார். மகன் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தான்.

“கல்யாணம் ஆகாமலே மாமியார் வந்தாச்சு. இருபத்தி நாலு மணி நேரமும் என்னையே பாத்துக்கிட்டு இருக்கு.”

அந்தப் பெயரே நின்றுவிட்டது. “மாமியார் என்ன சொல்றா?” என்று என் மனைவியே கேட்பாள். நான் போய் எண்ணைப் பார்த்து “இருபத்தாறு” என்பேன்.

பூஜைக்கு முந்தின வாரம் அந்தப் பெட்டியில் எண் மங்கிவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்தார். இளைஞர்தான். வேலையில் சுத்தம். இது போய்விட்டது என்று சொல்லி வேறு ஒன்று மாட்டினார். வேறு கம்பெனி. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

“ஒண்ணும் இல்ல அண்ணே. அதே வேலைதான் இதுவும் செய்யும்.”

கட்டிலுக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது. மணியோடு அறையின் சூட்டையும் காட்டும். டாக்டர் சொல்லி வாங்கியது. புதுப் பெட்டி வந்ததிலிருந்து நான் அறைக்குள் போகும்போதெல்லாம் கடிகாரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றையே சொல்லும். நான் வெளியே வருவேன்.

“அப்பா கோயிலுக்குள்ள வர்ற மாதிரி வந்துட்டுப் போறார்,” என்பான் மகன்.

ஆயுத பூஜை அன்று காலையில் பட்டறையில் பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தோம். பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டிலும் வைத்தோம். என் ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர், சுத்தியல். மனைவியின் அரிவாள்மணை, கத்தி, கத்தரிக்கோல். மகளின் தையல் ஊசி டப்பா. எல்லாம் துடைத்து, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு பலகையில் வைத்தாகிவிட்டது.

வைத்ததை அன்று எடுக்கக் கூடாது. மறுநாள் காலை மறுபூஜை போட்டு, சூடம் காட்டித்தான் எடுக்க வேண்டும். பட்டறையில் ஒருவர் ஒரு வருஷம் அவசரம் என்று பூஜையிலிருந்த கிரைண்டரை எடுத்தார். அன்றே விரல் போனது. கிரைண்டரால் போனதா, பூஜையால் போனதா என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் எடுப்பதும் இல்லை.

அப்புறம் வீடு முழுக்கப் பொட்டு. மனைவி கையில் சந்தனக் கிண்ணம். மகள் கையில் குங்குமம். வாசல் கதவு, சுவிட்ச் போர்டு, பிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர். கீழே போய் என் டிவிஎஸ்ஸுக்கு வைத்தார்கள். மேலே வந்து கட்டிலுக்கு வைத்தார்கள். சக்கர நாற்காலிக்கு வைத்தார்கள்.

மகன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அம்மா, மாமியாரை விட்டுட்ட. கோவிச்சுக்கப் போறாங்க.”

“வெச்சுட்டாப் போச்சு,” என்றாள்.

“பெரிசா வை. பெரிய மனுஷி.”

அவள் பெரிதாகவே வைத்தாள். பெட்டியின் நெற்றியில். சந்தனம் குழைவாக, மேலே குங்குமம். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி அவனுக்கு ஊட்டப் போனாள். அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். உள்ளே போன கையோடு கூப்பிட்டாள்.

“ஏங்க. இங்க வாங்க.”

அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கூப்பிட்டாள். அதனால் நான் ஓடினேன்.

உள்ளே சூடு. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்கு நேரே கையைத் தூக்கிப் பிடித்தேன். அடுப்புக்கு முன்னால் நின்றது போல் இருந்தது. கடிகாரம் முப்பத்தொன்று என்றது. பெட்டி இருபத்துமூன்று என்றது.

மகனுக்கு முகம் சிவந்திருந்தது. நெற்றியில் மட்டும் வேர்வை. கையைத் தொட்டேன். காய்ந்து, சுட்டது.

“எப்படா இப்படி ஆச்சு?”

“தூங்கிட்டேன்ப்பா. தலை வலிக்குது.”

மகள் தெர்மாமீட்டரை அவன் நாக்குக்கு அடியில் வைத்தாள். நூறு புள்ளி ஆறு.

ஏசியை நிறுத்தினேன். ஜன்னலைத் திறந்தேன். வெளியே வெயில். புழுக்கம். மழை வருமுன் வரும் புழுக்கம். ஃபேன் போட்டால் தளத்துச் சூட்டைத்தான் கீழே தள்ளியது. கடிகாரம் முப்பத்திரண்டுக்குப் போனது. நிறுத்தி வைத்தாலும் சூடு. ஓட விட்டாலும் சூடு. மகள்தான் போன் போட்டாள்.

முதலில் ஆஸ்பத்திரிக்கு. அங்கே ஒரு சிஸ்டர் எடுத்தார். அவருக்கு மகனைத் தெரியும்.

“ஈரத் துணி போட்டுத் துடைச்சுக்கிட்டே இருங்க. நூத்தி ரெண்டைத் தாண்டினா யோசிக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க. குளிர வெக்கிறேன்னு ரொம்பவும் குளிர வெச்சுடாதீங்க. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனாலும் வந்துடணும்.”

மேலே நூற்று இரண்டு. கீழே தொண்ணூற்றைந்து. நடுவில் என் மகன்.

தூக்குவது என்றால் நான்கு ஆள் வேண்டும். மாடிப்படி குறுகல். இரண்டு திருப்பம். போன தடவை ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதுகில் புண் வந்து அது ஆற ஒரு மழைக்காலம் ஆனது. அவன் “ஆஸ்பத்திரி வேணாம்ப்பா” என்று மட்டும் சொன்னான்.

அப்புறம் மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். அவர் மணப்பாறையில் மாமனார் வீட்டில் இருந்தார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“சூடா வருதா? வெளிப்பெட்டி ஓடுதா பாருங்க அண்ணே.”

அது மொட்டை மாடியில் இருக்கிறது. ஓடினேன். செருப்பு இல்லை. தரை சுட்டது. வெளிப்பெட்டி ஓட வேண்டும் என்பதற்காக மகள் ஏசியை மறுபடி போட்டாள். விசிறி சுற்றியது. முன்னால் கையை வைத்தேன். அது எப்போதும் அனலாக ஊதும். அந்தப் பக்கம் துணி காயப் போட்டால் சீக்கிரம் காயும் என்று என் மனைவி அங்கேதான் போடுவாள். அன்று குளிர்ந்து ஊதியது. உச்சி வெயிலில் குளிர்ந்த காற்று. என் கை மயிர் நின்றது. எல்லாம் தலைகீழாக நடக்கிறது என்று நினைத்தேன்.

இறங்கி வந்து சொன்னேன்.

“அப்ப ஹீட்ல ஓடுது அண்ணே,” என்றார் மெக்கானிக்.

“யார் ஹீட் போட்டது?”

“யாரும் போட வேணாம். ஆட்டோல இருக்கு. குளிருதுன்னு நினைச்சா தானே ஹீட்டுக்குப் போயிடும்.”

“யாருக்குக் குளிருது?”

“பெட்டிக்கு.”

“இங்க முப்பத்தி ரெண்டு.”

“பெட்டி என்ன சொல்லுது?”

“இருபத்தி நாலு.”

எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வயர் மாற்றிக் கொடுத்திருப்பாரோ. அவருக்கும் அதே நினைப்புதான்.

“நான் வயர் சரியாத்தான் கொடுத்தேன் அண்ணே. ஒரு வாரம் நல்லாத்தானே ஓடுச்சு?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“ஓடுச்சு.”

“மெயினை ஆஃப் பண்ணி, கொஞ்சம் விட்டு ஆன் பண்ணுங்க.”

செய்தேன். பெட்டி அணைந்தது. எரிந்தது. மறுபடி இருபத்துநான்கு என்றது. மறுபடி சூடு. தெர்மாமீட்டர் நூற்று ஒன்று புள்ளி இரண்டு.

“ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க.”

பார்த்தேன். சுத்தம். போன வாரம் அவரே கழுவி மாட்டியது.

நூற்று ஒன்று புள்ளி ஆறு.

மனைவி ஈரத் துண்டை அவன் மார்பில் போட்டாள். எடுத்துப் பிழிந்தாள். மறுபடி போட்டாள். வாய் முணுமுணுத்தது. மகன் கண்ணை மூடியிருந்தான். கேலி ஒன்றும் வரவில்லை. அதுதான் எனக்குத் தெர்மாமீட்டரைவிடப் பெரிய பயம்.

“நீங்க கிளம்பி வர முடியுமா தம்பி?” என்று கேட்டேன்.

“வரலாம் அண்ணே. வந்து என்ன செய்யறது? கடையில சாமான் எல்லாம் பூஜையில இருக்கு. காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். ஒண்ணு பண்ணுங்க. ஆட்டோ வேணாம். கூல் மட்டும் வைங்க. வெச்சுட்டு பதினெட்டுக்கு இறக்குங்க. பெட்டி பொய் சொன்னா நாமளும் பொய் சொல்லுவோம்.”

மகள் அமுக்கினாள். கூல். பதினெட்டு. ஏசி நின்றது. காத்திருந்தோம். மறுபடி ஓடத் தொடங்கியது. கையைத் தூக்கினேன். குளிர்ந்தது.

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடிகாரம் இறங்கியது. முப்பது. இருபத்தெட்டு. அவன் சூடும் இறங்கியது. நூற்று ஒன்று. நூறு. தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. மகன் கண்ணைத் திறந்தான். “மாமியாருக்கு ஏதோ மனத்தாங்கல்,” என்றான். தூங்கிவிட்டான்.

நாங்கள் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. தொட்டால் மறுபடி சூட்டுக்குப் போய்விடுமோ என்று பயம். ஓடுகிறதை ஓட விடுவோம் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்தோம். ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டோம். மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். போனவர் எல்லாம் வந்து சொன்னது ஒன்றுதான். “ஜில்லுன்னு இருக்கு. நல்லாத் தூங்குறான்.”

எங்கள் ஊரில் குளிர்ச்சி என்றால் நல்லது. வெயிலுக்குப் பயப்படுவோம். குளிருக்குப் பயந்து எங்களுக்குப் பழக்கம் இல்லை.

சாயங்காலம் மழை பிடித்தது. மனைவி விளக்கேற்றினாள். விபூதி எடுத்துக்கொண்டு மகனிடம் போனாள். நெற்றியில் வைக்கும்போது அவள் கை காதில் பட்டிருக்கிறது.

“ஏங்க. இங்க வாங்க.”

அதே மெதுவான குரல்.

கடிகாரம் பத்தொன்பது. பெட்டி இருபத்தேழு.

அவன் உதடு வெளுத்திருந்தது. காது ஐஸ். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தான். பதில் வர நேரம் ஆனது.

“குளிருதாடா?”

“தெ…ரியல.”

தெர்மாமீட்டர் தொண்ணூற்றைந்து புள்ளி ஆறு.

மதியம் பெட்டி குளிர் என்று நினைத்து அவனை வேகவைத்தது. இப்போது சூடு என்று நினைத்து உறைய வைக்கிறது. மகள் இருபத்தாறுக்கு மாற்றினாள். பெட்டிக்குத்தான் இருபத்தேழு ஆயிற்றே. இன்னும் சூடு இருக்கிறது என்று குளிரையே ஊதியது.

“ஹீட்ல போட்டு முப்பது வெக்கட்டுமாப்பா? சூடு வரும்.”

“வேணாம். மதியமும் இப்படித்தான் வெச்சோம்.”

நிறுத்தினேன். வீட்டிலிருந்த போர்வை எல்லாம் அவன் மேல். மகள் வெந்நீர்ப் பையை எடுத்து வந்தாள். மனைவி தட்டிவிட்டாள். அவனுக்குச் சுட்டால் தெரியாது. வெந்துபோனால்கூடத் தெரியாது. டாக்டர் அதை அழுத்திச் சொல்லியிருந்தார். மனைவி அவன் காலை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவளும் மதியத்திலிருந்து நனைந்த சேலையில்தான் இருந்தாள்.

தொண்ணூற்றைந்து புள்ளி நான்கு.

வெளியே மழை கொட்டியது. இந்த மழையில், அந்தப் படியில், நான்கு ஆள் தூக்கி இறக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரரை எழுப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் எழுந்துதான் இருப்பார். மணி ஏழுகூட ஆகவில்லை. பயத்தில் எனக்குப் பொழுது தெரியவில்லை.

மகள் மறுபடி மெக்கானிக்கைப் பிடித்தாள். நான் வாங்கிப் பேசினேன்.

“தம்பி, இப்ப மாத்திச் சொல்லுது. பத்தொன்பதை இருபத்தேழுங்குது.”

“மாத்தியா?” அவருக்கும் பயம் வந்துவிட்டது. “வயரா இருந்தா இப்படி ரெண்டு பக்கமும் போகாது அண்ணே. உள்ள சூடு பாக்குற சென்சார்னு ஒண்ணு இருக்கும். அரிசி கணக்கா சின்னதா. அது மேல என்னமோ பட்டிருக்கு. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். கீழ்ப்பக்கம் ஒரே ஒரு ஸ்குரூ.”

நான் பூஜைப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

“ஸ்குரூ டிரைவர் பூஜையில இருக்கோ?” என்றார்.

“ஆமா.”



அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“அப்பா. மாமியார் நெத்தில… ஓட்டை இருக்கும்.”

“எந்த ஓட்டைடா?”

“சின்னச் சின்னதா. அம்மா… பொட்டு வெச்ச எடத்துல.”

நான் பெட்டிக்கு முன்னால் போனேன். காலையிலிருந்து அதன் எண்ணை எத்தனை தடவை பார்த்திருப்பேன். பொட்டைப் பார்க்கவில்லை. வீடு முழுக்கப் பொட்டு. கண்ணுக்கு அது பூஜை நாளில் இருக்க வேண்டியது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஆனால் அவன் சொன்னால் இருக்கும். நாள் முழுக்க அதன் முகத்தைப் பார்ப்பது அவன் ஒருவன்தான்.

மகள் ஈரத் துணியால் பொட்டைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க எண் இறங்கியது. இருபத்தைந்து. இருபத்துமூன்று. இருபது. பதினேழு. அறை அப்படியேதான் இருந்தது. துணி ஈரம் பட்டதும் பெட்டிக்குக் குளிர்கிறது.

எல்லோருக்கும் புரிந்தது. என் மனைவி கையை வாயில் வைத்துக்கொண்டாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

“நான்தான்… பெரிசா வைக்கச் சொன்னேன்,” என்றான் மகன்.

மேலே துடைத்தாகிவிட்டது. ஓட்டை வரிசையாகத் தெரிந்தது. ஆனால் உள்ளே சந்தனம் இறங்கியிருந்தது. துடைத்ததில் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். கழற்றித்தான் ஆக வேண்டும். மகள் தலையிலிருந்து ஊக்கை எடுத்துத் திருகிப் பார்த்தாள். வளைந்தது. கத்தி என்றாள். கத்தியும் பூஜையில்தான்.

நான் பூஜைப் பலகைக்குப் போனேன். ஸ்குரூ டிரைவர் பொட்டோடு இருந்தது. கையை நீட்டினேன். நின்றேன். பட்டறையில் அந்த ஆளின் விரல் ஞாபகம் வந்தது. என் விரல் போனால் போகட்டும். எடுத்ததற்கு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் கை போகவில்லை. பின்னால் தெர்மாமீட்டர் பீப் என்று கத்தியது. மகள் சொன்னாள். “தொண்ணூத்தஞ்சு புள்ளி ஒண்ணுப்பா.”

மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“தள்ளுங்க. எடுத்துடாதீங்க.”

“எடுக்காம என்ன செய்ய?”

“நாளைக்குக் காலைல போடறதை இப்பப் போடறேன். சாமிக்கு விடிஞ்சுதுன்னு நாமதானே சொல்லணும்.”

ஒரு கை பொரி அள்ளித் தட்டில் போட்டாள். சூடத்தைக் கொளுத்தினாள். காட்டினாள். அவசரத்தில் தட்டு சாய்ந்து சூடம் விழப் பார்த்தது. பிடித்துக்கொண்டாள். மூன்று சுற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஸ்குரூ டிரைவரை எடுத்து, முந்தானையால் பொட்டைத் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

“போங்க.”

மறுபூஜை முடிந்தது. அவ்வளவுதான்.

மெயினை நிறுத்தினேன். வீடு இருட்டானது. மகள் போனில் விளக்கடித்தாள். என் கை பெரிய கை. இரும்புச் சட்டத்தைப் பிடிக்கிற கை. இந்தப் பெட்டி முட்டை ஓடு மாதிரி. உடைத்துவிட்டால் நாளைக்குக் கடை திறக்கும் வரை ஒன்றும் கிடையாது. ஸ்குரூவை மெதுவாகத் திருகினேன். வந்தது. மூடியைத் தூக்கினேன். கிளிக் என்றது. உடைந்ததோ என்று மூவரும் நின்றுவிட்டோம். உடையவில்லை.

உள்ளே மெக்கானிக் சொன்ன அரிசி இருந்தது. கறுப்பு. அதைச் சுற்றிச் சந்தனம் அப்பியிருந்தது. குங்குமமும் கரைந்து இறங்கியிருந்தது. அரிசிக்கே பொட்டு வைத்த மாதிரி. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி ஒற்றி எடுத்தேன். சுரண்டவில்லை. ஒற்றினேன். பஞ்சு மாற்றினேன். ஒற்றினேன். மனைவி இருட்டில் அவன் பக்கம் உட்கார்ந்து “முழிச்சுக்கடா, பேசுடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் “ம்” என்றான். ஒவ்வொரு “ம்”முக்கும் அடுத்த பஞ்சு எடுத்தேன். ஒரு தடவை “ம்” வரவில்லை. என் கை நின்றது.

“தூங்காதடா.”

“ம்.”

மூடியை மாட்டினேன். மெயினைப் போட்டேன்.

பெட்டி கண் விழித்தது. இருபது என்றது.

கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது.

“இருபத்தாறு வை,” என்றேன் மகளிடம். “ஆட்டோ வை.”

வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். எனக்கு ஒரு பொழுது போல் இருந்தது. மேலே மொட்டை மாடியில் வெளிப்பெட்டி உறுமியது. ஏசியின் வாய் திறந்தது. கையைத் தூக்கினேன். முதலில் வெறும் காற்று. அப்புறம் வெதுவெதுப்பு. அப்புறம் சூடு. மதியம் எந்தச் சூட்டைப் பார்த்து நடுங்கினேனோ அதே சூடு. கையை எடுக்க மனம் வரவில்லை.

தெர்மாமீட்டர் தொண்ணூற்றைந்து. சரியாகத் தொண்ணூற்றைந்து.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். சிஸ்டர் சொன்னது தொண்ணூற்றைந்துக்குக் கீழே. இது கீழே இல்லை. மேலேயும் இல்லை.

“கீழ் வீட்ல சொல்லிட்டு வா. ஆள் ரெடியா இருக்கட்டும். இன்னும் ஒரு தடவை வெச்சுப் பாத்துட்டுத் தூக்குவோம்.”

அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கீழ் வீட்டுக்காரர் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்துவிட்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை. குடை சொட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி வைத்தோம். தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டு.

நான் சுவரோடு சாய்ந்தேன். ஆனால் உட்காரவில்லை. மதியமும் இப்படித்தான் நல்லதாகத் தெரிந்தது. பெட்டியைப் பார்த்தேன். இருபத்தொன்று. கடிகாரம் இருபத்தொன்று. இருபத்துமூன்று. இருபத்துமூன்று. இரண்டும் சேர்ந்தே ஏறின. இருபத்தாறில் ஏசி தானாக நின்றது. நின்றதும் எனக்கு மறுபடி பயம். கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் இருபத்தாறுதான்.

மெக்கானிக் அவராகவே போன் செய்தார். சொன்னேன்.

“சந்தனமா?” என்றார். கொஞ்சம் கழித்து, “ஈரமா இருந்தப்ப அதுக்குக் குளிர்ந்திருக்கும். காஞ்சு அடைச்சதும் உள்ள புழுங்கியிருக்கும். அதுக்குள்ளயும் கரண்ட் ஓடுது இல்ல அண்ணே,” என்றார். அப்புறம் சொன்னார். “என் கடையில எல்லா மீட்டருக்கும் நான் பொட்டு வெச்சுட்டு வந்திருக்கேன்.”

“ஓட்டை இல்லாத எடமா வெச்சீங்களா?”

“இனிமே போய்ப் பாத்தாத்தான் தெரியும்.”

மகனுக்கு உதட்டில் நிறம் வந்தது. மனைவி ஒரு போர்வையை எடுத்தாள். அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

“மதியம் வறுத்தீங்க. சாயங்காலம் ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்க. நான் என்ன மீனா?”

மனைவி அழுதாள். நாள் முழுக்க அவள் அழவில்லை.

“அழாதம்மா. பூஜைச் சுண்டல் இருக்கா?”

“முதல்ல வாயைத் திற.”

தெர்மாமீட்டரை வைத்தாள். படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து அறை வாசலில் நின்றார்கள். அது கத்தியது. அவள் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். எனக்கு அவள் தோளுக்கு மேலே எண் தெரிந்தது.

தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.